லிவர்பூலின் கருங்கல் கோட்டைகளை எழுப்பிய பாலக் கொத்தனார் ஜெசி ஹார்ட்லி

மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்கு லிவர்பூல் என்றதும் காற்பந்துதான் நினைவுக்கு வரும். அந்நகரின் இரண்டு பெரிய குழுக்களில் ஒன்றான எவர்ட்டன், 2025ஆம் ஆண்டு மெர்சி ஆற்றங்கரையில் தனது புதிய அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது. அரங்கம் எழுந்துள்ள இடம் ஒரு காலத்தில் கப்பல்கள் நின்ற பிராம்லி-மூர் துறை. அந்தத் துறையில் மணலைக் கொட்டி நிரப்பி, அதன்மேல்தான் ஆடுகளம் அமைத்தார்கள். 1848ஆம் ஆண்டு கட்டப்பட்ட கருங்கல் சுவர்கள் இன்றும் மண்ணுக்கடியில் அப்படியே இருக்கின்றன.

அந்தச் சுவர்களைக் கட்டியவர் ஜெசி ஹார்ட்லி. லிவர்பூல் துறைமுகத்தை 36 ஆண்டுகள் ஆண்டவர் என்றே அவரைச் சொல்லலாம். உலகப் புகழ்பெற்ற ஆல்பர்ட் டாக் கிடங்குகள் அவருடைய கைவண்ணம்.

செங்கல் சுவர், பருத்த இரும்புத் தூண்கள், கோட்டை வாசல் போன்ற நுழைவாயில் என்று விக்டோரியா காலத் துறைமுகக் கட்டடங்களுக்கு ஒரு தனித் தோற்றம் உண்டு. அந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஹார்ட்லியின் வாழ்க்கை நல்ல விடை தருகிறது. தீ, திருட்டு, கடல் ஏற்றம் ஆகிய மூன்று பகைகளோடு ஒரு கொத்தனார் மகன் நடத்திய போராட்டமே அந்த விடை.

பாலம் கட்டும் குடும்பம்

ஹார்ட்லி 1780ஆம் ஆண்டு இறுதியில் இங்கிலாந்தின் யார்க்‌ஷியர் வட்டாரத்தில் உள்ள பான்டிஃபிராக்ட் ஊரில் பிறந்தார். தந்தை பெர்னார்ட் ஹார்ட்லி கல் கொத்தனார். வட்டாரத்தின் பாலங்களைக் கண்காணிக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. மகனும் அதே தொழிலில் இறங்கினார். கட்டடக் கலைஞர் ஜான் கார் வடிவமைத்த ஃபெர்ரிபிரிட்ஜ் பாலம் ஏர் ஆற்றின்மேல் எழுந்தபோது, கல்லைச் செதுக்கவும் அடுக்கவும் அங்கே கற்றுக்கொண்டார்.

பாலம் கட்டுபவருக்கு ஒரு பாடம் சீக்கிரம் புரிந்துவிடும். வீட்டுச் சுவர் மழையைத் தாங்கினால் போதும். பாலத்தின் கால் இரவும் பகலும் ஓடும் நீரைத் தாங்க வேண்டும். வெள்ளம் வரும் நாளில்தான் கொத்தனாரின் நேர்மை தெரியும். கல்லும் சுண்ணாம்பும் அஸ்திவாரமும் தரமாக இல்லாவிட்டால், மேலே எவ்வளவு அழகு செய்தும் பயனில்லை. இந்தப் பாடத்தை ஹார்ட்லி கடைசிவரை மறக்கவில்லை.

பிறகு அயர்லாந்து சென்று, டங்கார்வன் ஊரில் டெவன்ஷியர் கோமகனின் நிலப்பகுதியில் வேலை செய்தார். இங்கிலாந்து திரும்பியதும் லங்காஷியரின் சால்ஃபர்ட் வட்டாரத்தில் பாலங்களுக்குப் பொறுப்பாளரானார். மான்செஸ்டரை உள்ளடக்கிய அந்த வட்டாரம் பஞ்சாலைகளின் தலைமையிடம்.

அக்காலப் பஞ்சாலைகளை அடிக்கடி தீ தின்றது. மரத் தூண், மரத் தளம், எண்ணெய் விளக்கு, காற்றில் பறக்கும் பஞ்சுத் தூசி என எல்லாமே தீக்கு இரை. அதற்கு மாற்றாக வார்ப்பிரும்புத் தூண்களை நிறுத்தி, இரும்பு உத்தரங்களுக்கு நடுவே செங்கல் வளைவுகளைக் கட்டித் தளம் அமைக்கும் முறை உருவானது. 1797ஆம் ஆண்டு ஷ்ரூஸ்பரி நகருக்கு அருகே சார்லஸ் பேஜ் கட்டிய சணல்நூல் ஆலையே முழுக்க இரும்புச் சட்டத்தின்மேல் நின்ற முதல் கட்டடமாகக் கருதப்படுகிறது. இன்றைய வானளாவிகளுக்கு அதுதான் முப்பாட்டன். அதே முறை பின்னாளில் ஹார்ட்லி வழியாகத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது.

துறை அனுபவம் இல்லாத துறைமுகப் பொறியாளர்

மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில் கடல் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் 10 மீட்டர் வரை மாறும். நீர் வற்றும்போது கப்பல் சேற்றில் சாய்ந்துவிடும். அதனால் கரையோரம் குளம்போல் தோண்டி, கல் சுவர் எழுப்பி, மதகு வைத்து நீரைத் தேக்கி, அதற்குள் கப்பலை நிறுத்தினார்கள். இப்படிப்பட்ட முதல் வணிகத் துறையை 1715ஆம் ஆண்டு லிவர்பூலில் தாமஸ் ஸ்டியர்ஸ் அமைத்தார்.

அடுத்த நூறு ஆண்டுகளில் நகரம் பெருத்தது. அந்தச் செல்வத்தில் பெரும்பங்கு அடிமை வணிகத்தில் ஈட்டியது. 1807ஆம் ஆண்டு பிரிட்டன் அந்த வணிகத்தைத் தடை செய்த பிறகு, அமெரிக்கப் பஞ்சு லிவர்பூலின் முதன்மைச் சரக்கானது. அந்தப் பஞ்சையும் அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள்தான் விளைவித்தார்கள். கிழக்கிந்திய நிறுவனத்தின் தனியுரிமை இந்திய வணிகத்தில் 1813ஆம் ஆண்டும் சீன வணிகத்தில் 1833ஆம் ஆண்டும் முடிவுக்கு வந்ததால், ஆசியச் சரக்குகளும் லிவர்பூல் பக்கம் திரும்பின. துறைகளில் இடம் போதவில்லை.

இந்த நிலையில் துறைமுகப் பொறுப்பிலிருந்த ஜான் ஃபாஸ்டர் 1824ஆம் ஆண்டு சர்ச்சைகளுக்கு இடையே விலகினார். அந்த இடத்துக்கு வந்தார் ஹார்ட்லி. அப்போது வயது 43. கையில் இருந்த அனுபவமெல்லாம் பாலங்கள்தான்; கப்பல் துறை ஒன்றைக்கூட அவர் கட்டியதில்லை. ஆனாலும் நிர்வாகம் அவரைத் தேர்ந்தெடுத்தது. முழுநேரத் துறைமுகப் பொறியாளர் என்ற பணியை உலகிலேயே முதலில் ஏற்றவர் அவரே என்று பொறியியல் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள்.

பாலங்களை அவர் முற்றாக விட்டுவிடவும் இல்லை. செஸ்டர் நகரில் தாமஸ் ஹாரிசன் வடிவமைத்த குரோவனர் பாலத்தின் கட்டுமானத்தில் ஹார்ட்லியும் பொறியாளராகப் பங்கேற்றார். 200 அடி அகலத்தை ஒரே கல் வளைவில் தாண்டிய அந்தப் பாலம், அன்றைக்கு உலகின் மிக நீளமான கல் வளைவு. 1832ஆம் ஆண்டு அதைத் திறந்துவைத்தவர், அப்போது இளவரசியாக இருந்த விக்டோரியா.

கல்லிலிருந்து கப்பல்வரை சொந்தப் பொறுப்பு

ஹார்ட்லி பெரிய உடல்வாகு கொண்டவர். பேச்சு கரடுமுரடு. வேலையில் குறை கண்டால் யாராக இருந்தாலும் விளாசிவிடுவார். குத்தகைக்காரர்கள் மீது அவருக்கு நம்பிக்கை குறைவு. அதனால் துறைமுகத்தின் சொந்த ஆட்களை வைத்தே பெரும்பாலான வேலைகளைச் செய்தார்.

கல்லுக்கும் அவர் பிறரை நம்பியிருக்கவில்லை. தென்மேற்கு ஸ்காட்லாந்தின் கிர்க்மாப்ரெக்கில் துறைமுகத்துக்கென்றே ஒரு கருங்கல் சுரங்கம் நடந்தது. அங்கிருந்து கல்லை ஏற்றிவரத் தனிக் கப்பல்களும் இருந்தன. நீருக்கடியிலும் இறுகும் சுண்ணாம்பை வேல்ஸில் உள்ள ஹால்கின் பகுதியிலிருந்து வரவழைத்தார்.

அவருடைய சுவர்களைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுவிடலாம். ஒரே அளவில் செதுக்கிய கற்கள் அங்கே வரிசையாக இருக்காது. பெரிய பாறைத் துண்டுகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கற்களை, உடைந்த பானைத் துண்டுகளைப் பொருத்துவதுபோல் இடைவெளி இல்லாமல் பொருத்தியிருப்பார். வெட்டி எடுத்த கல் எதுவும் வீணாகாது. வளைந்து நெளிந்து போகும் இணைப்புகளால் சுவர் எளிதில் பிளக்காது. சிக்கனமும் உறுதியும் சேர்ந்ததால் வந்த தோற்றம் அது.

தீயும் திருட்டும்

பழைய முறையில் சரக்கை இறக்கித் திறந்த கரையில் வைப்பார்கள். பிறகு வண்டியில் ஏற்றி நகரத்துக்குள் இருக்கும் தனியார் கிடங்குகளுக்குக் கொண்டுபோவார்கள். தேநீர், பட்டு, புகையிலை, மது போன்ற விலையுயர்ந்த பொருள்கள் வழியில் காணாமல் போவது வழக்கமாகிவிட்டது. வணிகருக்கும் நட்டம், வரி வசூலிக்கும் சுங்கத்துறைக்கும் நட்டம்.

கிடங்குக்குப் போய்ச் சேர்ந்த சரக்குக்கும் பாதுகாப்பு இல்லை. 1802ஆம் ஆண்டு கோரீ பகுதிக் கிடங்குகள் எரிந்து நாசமாயின. 1842ஆம் ஆண்டு ஃபார்ம்பி தெருவில் மூண்ட தீ நகரத்தையே உலுக்கியது. மரத் தளங்களும் மரக் கூரைகளும் இருக்கும்வரை, ஒரு பொறி பறந்தால் ஒரு தெருவே போய்விடும்.

திருட்டுக்கு லண்டன் ஏற்கெனவே ஒரு வழி காட்டியிருந்தது. 1828ஆம் ஆண்டு திறந்த செயின்ட் கேத்தரின்ஸ் டாக்கில் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டும் கட்டடக் கலைஞர் ஃபிலிப் ஹார்ட்விக்கும் கிடங்குகளை நீரின் விளிம்பிலேயே நிறுத்தினார்கள். கப்பலிலிருந்து தூக்கும் மூட்டை நேராகக் கிடங்குக்குள் போகும். சுற்றிலும் மதில். உள்ளே வைக்கும் சரக்குக்கு, வெளியே எடுக்கும்போது வரி கட்டினால் போதும்.

ஹார்ட்லி இந்த ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு, பஞ்சாலைகளின் இரும்புச் சட்டத்தை அதோடு சேர்த்தார். ஆனால் ஏட்டில் எழுதியதை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. 18 அடி நீளம், 10 அடி அகலத்தில் ஒரு சோதனைக் கட்டடம் எழுப்பி, உள்ளே மரக்கட்டைகளையும் தாரையும் நிரப்பித் தீ வைத்தார். எந்த அமைப்பு தாங்குகிறது, எது நொறுங்குகிறது என்று பார்த்த பிறகே செங்கல், வார்ப்பிரும்பு, கருங்கல், மணற்கல் ஆகியவற்றால் கட்ட முடிவெடுத்தார்.

ஆல்பர்ட் டாக்

1841ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அனுமதி தந்ததும் வேலை தொடங்கியது. ஆற்றோரத்து இளகிய மண்ணில் ஆயிரக்கணக்கான மர முளைகளை அடித்திறக்கி அஸ்திவாரம் போட்டார்கள். அதன்மேல் இரண்டு கோடிக்கும் அதிகமான செங்கற்கள் ஏறின. 1846ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி, விக்டோரியா அரசியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் நேரில் வந்து திறந்துவைத்தார். கிடங்குகள் அனைத்தும் முடிய மேலும் ஓராண்டு ஆனது.

இந்தக் கட்டடத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. தளங்களைத் தாங்கும் இரும்பு உத்தரங்களும் அவற்றுக்கு நடுவே உள்ள செங்கல் வளைவுகளும் பஞ்சாலையிலிருந்து வந்தவை. மரம் சிறிதும் இல்லாத கூரையில், தேனிரும்புத் தகடுகளை ரிவெட் ஆணிகளால் இணைத்திருக்கிறார்கள். தகடுகள் ஒன்றாக இறுகி, தம் பாரத்தைத் தாமே தாங்கும் ஓடுபோல் நிற்கின்றன. கப்பல் உடலுக்கும் கொதிகலனுக்கும் இரும்புத் தகடு இணைத்த தொழில்நுட்பம் இங்கே கூரை ஏறியது.

நீர் விளிம்பில் வரிசையாக நிற்கும் 15 அடி உயரத் தூண்கள் பழைய கிரேக்கக் கோயில்களின் டோரிக் தூண்களை ஒத்தவை. குட்டை, பருமன், அலங்காரம் இல்லை. கிரேக்கர்கள் கல்லில் செய்ததை ஹார்ட்லி உள்ளீடற்ற வார்ப்பிரும்பில் செய்தார். அவற்றின்மேல் செங்கல் மாடிகள் கரையின் விளிம்புவரை நீள்கின்றன. கீழே நிழலில் சரக்கைப் பிரித்து அடுக்கலாம். வட்டத் தூணில் மூலை இல்லாததால் வண்டி இடித்துப் பெயரும் தொல்லையும் குறைவு. தூண் வரிசைக்கு இடையிடையே வரும் அகன்ற வளைவுகள், பாரந்தூக்கிகள் அசைந்து திரும்ப இடம் விடுகின்றன. ஒரு பாலக் கொத்தனாரின் கை அங்கே நன்றாகத் தெரிகிறது.

துறை அலுவலகத்தை வடிவமைக்க லண்டனிலிருந்து ஹார்ட்விக் வந்தார். அதன் முகப்பு கோயில் மண்டபம்போல் இருக்கும். கல் என்று நினைத்துத் தட்டிப் பார்த்தால் இரும்பு. அந்தக் கட்டடத்தின் மேல்மாடியைச் சேர்த்தவர் ஹார்ட்லி.

1848ஆம் ஆண்டு இங்கே பொருத்திய நீர்விசைப் பாரந்தூக்கிகள், கிடங்கு ஒன்றில் அவ்வகையில் உலகிலேயே முதன்முதலாகப் பயன்பட்டவை. தோளில் சுமந்து ஏற்றிய மூட்டைகளைக் குழாயில் வரும் நீரின் அழுத்தம் மேலே தூக்கியது.

ஒரே நாளில் ஐந்து துறைகள்

ஆல்பர்ட் டாக்கோடு ஹார்ட்லி ஓய்ந்துவிடவில்லை. 1848ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி சால்ஸ்பரி, காலிங்வுட், ஸ்டான்லி, நெல்சன், பிராம்லி-மூர் என்று ஐந்து துறைகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. துறைகளைச் சுற்றி 18 அடி உயரக் கருங்கல் மதில் எழுந்தது. அதன் நுழைவாயில்களில் இடைக்காலக் கோட்டைகளின் காவல் கோபுரங்களைப் போன்ற உருண்டைத் தூண்களை வைத்தார். கதவுகள் அந்தத் தூண்களின் பிளவுக்குள் வழுக்கி மறையும். சால்ஸ்பரி துறை வாசலில் நிற்கும் விக்டோரியா கோபுரமும் கோட்டைச் சாயல்தான். அதில் ஆறு பக்கமும் கடிகாரம். மாலுமிகளுக்கு நேரம் சொன்னது அதுதான்.

கோட்டைபோல் கட்டியதற்குக் காரணம் இருந்தது. உள்ளே இருப்பது பெரும் செல்வம், அதில் கை வைக்க முடியாது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் அதே வாசல்கள் வழியாக வெறுங்கையோடு வந்தவர்களும் உண்டு. நீராவிக் கப்பல்களின் தீப்பொறியால் மற்றக் கப்பல்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று 1830ஆம் ஆண்டு ஹார்ட்லி கிளாரன்ஸ் துறையைத் தனியாகக் கட்டியிருந்தார். 1840களின் பிற்பாதியில் அயர்லாந்தைப் பஞ்சம் வாட்டியபோது, உயிர் பிழைக்க ஓடிவந்த லட்சக்கணக்கானோர் கரையேறியது அந்தத் துறையில்தான்.

பாராட்டாத காலம்

வாழும் காலத்தில் ஹார்ட்லியின் கட்டடங்களை எல்லாரும் ரசிக்கவில்லை. லிவர்பூல் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பிக்டன், ஆல்பர்ட் டாக்கை மொட்டைச் செங்கல் குவியலாகவே பார்த்தார்; நகரின் அழகைக் கெடுத்துவிட்டதாக வருந்தினார். கட்டடம் என்றால் சிற்பமும் பூவேலையும் வேண்டும் என்று கருதிய காலம் அது.

இன்னொரு குறை கணக்கு சார்ந்தது. ஹார்ட்லி எதையும் என்றென்றைக்கும் நிற்கும்படி கட்டினார். கப்பல்களோ அப்படிக் காத்திருக்கவில்லை. ஆல்பர்ட் டாக் பாய்மரக் கப்பல்களுக்காக அமைந்தது. அடுத்த தலைமுறையிலேயே நீராவிக் கப்பல்கள் பெருத்துவிட்டன. அதன் குறுகிய வாசலுக்குள் அவற்றால் நுழைய முடியவில்லை. உடைத்து அகலப்படுத்தலாம் என்றால் சுவர் அவ்வளவு உறுதி. அவருடைய மிகப்பெரிய பலமே துறைமுகத்துக்குச் சுமையாக மாறியது.

அவரும் இந்த மாற்றத்தைக் காணாமல் இல்லை. கடைசிக் காலத்தில் கட்டிய கனடா துறைக்கு 100 அடி அகல வாசல் வைத்தார். 1859ஆம் ஆண்டு அது திறந்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் தேதி, தமது 79ஆம் வயதில், பணியில் இருக்கும்போதே அவர் காலமானார். அவருக்கு உதவியாக இருந்த மகன் ஜான் பெர்னார்ட் ஹார்ட்லி சிறிது காலம் அந்தப் பொறுப்பை வகித்தார். 36 ஆண்டுகளில் ஹார்ட்லி கைவைக்காத துறை லிவர்பூலில் இல்லை. ஏறக்குறைய 10 மைல் நீளக் கப்பல் கரையை அவர் புதிதாகச் சேர்த்திருந்தார்.

சேற்றிலிருந்து மீண்ட கிடங்குகள்

இருபதாம் நூற்றாண்டில் ஆல்பர்ட் டாக் கிட்டத்தட்டக் கைவிடப்பட்டது. 1941ஆம் ஆண்டு ஜெர்மானியக் குண்டுகள் அதைத் தாக்கின. 1972ஆம் ஆண்டு அடியோடு மூடினார்கள். மதகுகள் பழுதாகி, துறைக்குள் சேறு நிறைந்தது. இடித்துவிட்டு வேறு கட்டடம் எழுப்பும் திட்டங்களும் வந்து போயின.

அப்போது ஹார்ட்லியின் பிடிவாதமே அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியது. மரக் கிடங்காக இருந்திருந்தால் என்றோ மட்கியிருக்கும். இரும்பும் செங்கலும் கருங்கல்லும் பராமரிப்பில்லாமலே தாக்குப்பிடித்தன. கட்டடக் கலை வரலாற்றாசிரியர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர் போன்றவர்கள், பிக்டன் குறையாகக் கண்ட அந்த எளிமையையே அதன் பெருமையாகக் காட்டினார்கள். 1980களில் தொடங்கிய சீரமைப்பில் சேற்றை வாரி, மதகுகளைப் புதுப்பித்தார்கள். 1984ஆம் ஆண்டு மக்களுக்குத் திறந்தார்கள். 1988ஆம் ஆண்டு டேட் கலைக்கூடம் அங்கே வந்தது. தேநீரும் பட்டும் இருந்த தளங்களில் இன்று அருங்காட்சியகங்களும் உணவகங்களும் வீடுகளும் உள்ளன. ஸ்டான்லி துறையில் ஹார்ட்லி கட்டிய கிடங்கு ஹோட்டலாகியிருக்கிறது.

2004ஆம் ஆண்டு லிவர்பூலின் துறைமுகப் பகுதி யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் 2021ஆம் ஆண்டு அந்தப் பெருமை பறிபோனது. ஆற்றோரத்தில் எழும் புதிய கட்டடங்களும் பிராம்லி-மூரில் திட்டமிட்ட காற்பந்து அரங்கமும் பழைய தன்மையைக் கெடுத்துவிடும் என்று யுனெஸ்கோ கருதியது. வேலையில்லாமல் வாடிய வடக்குத் துறைப்பகுதிக்கு அரங்கம் வாழ்வு தரும் என்று நகரத்தார் பலர் வாதிட்டனர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது.

அரங்கத்தைக் கட்டியவர்கள் துறையின் கற்சுவர்களைப் பெயர்க்காமல் மணலால் மூடினார்கள். என்றாவது தேவைப்பட்டால் மீண்டும் தோண்டி எடுக்கலாம் என்பது எண்ணம். வெளியே ஹார்ட்லியின் கருங்கல் மதில் இன்னும் நிற்கிறது. ஆட்டம் பார்க்க வரும் பல்லாயிரம் பேர் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள்.